தலைக்கும் கழுத்துக்கும் போகும் தமனிகள்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழிமுறை

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ தளர்வது, பேச்சு குழறுவது, பார்வை போவது, வாழ்க்கையிலேயே இதுவரை வராத அளவுக்குத் தலை வலிப்பது. இவற்றில் ஏதாவது ஒன்று இப்போது நடந்துகொண்டிருந்தால் மேலே படிக்க வேண்டாம். ஆம்புலன்சை அழையுங்கள்.

மற்றவர்கள் நிதானமாகப் படிக்கலாம். செவிலியர் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தமனிகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தவர்கள் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். "இந்தக் குழாய் அடைத்தால் எது நிற்கும்?" என்று கேட்டுக் கேட்டுப் படித்தவர்களுக்கு அது மறக்கவே மறக்காது. அதனால் இங்கே தலைகீழாகப் போகப்போகிறோம். எது நின்றது என்பதிலிருந்து தொடங்கி, எந்தக் குழாய் என்பதற்கு வருவோம்.

குழாய்கள் போகும் வழி

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மார்புக்குள் வில் போல வளைகிறது. அந்த வளைவிலிருந்து மூன்று கிளைகள் மேலே ஏறுகின்றன. வலப்பக்கக் கிளை கொஞ்ச தூரம் போய் இரண்டாகப் பிரிந்து ஒன்று கழுத்துக்கும் ஒன்று கைக்கும் போகிறது. இடப்பக்கத்தில் கழுத்துக்கும் கைக்கும் தனித்தனிக் கிளைகள்.

கழுத்தின் முன்பக்கம் ஏறுவது கரோட்டிட் தமனி. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு இருக்கும் உயரத்தில் அது உள், வெளி என்று இரண்டாகப் பிரிகிறது. வெளிக் கரோட்டிட் முகம், நாக்கு, தாடை, மூக்கு, உச்சந்தோல் என்று வெளியில் உள்ளவற்றைக் கவனித்துக்கொள்கிறது. தைராய்டுக்கும் ஒரு கிளை உண்டு. உள் கரோட்டிட் கழுத்தில் ஒரு கிளைகூட விடாமல் நேராக மண்டையோட்டுக்குள் நுழைந்து கண்ணுக்கும் மூளையின் முன்பகுதிக்கும் பக்கப்பகுதிக்கும் ரத்தம் கொடுக்கிறது.

பின்பக்கம் இரண்டு முதுகெலும்புத் தமனிகள். கைக்குப் போகும் தமனியிலிருந்து கிளைத்து, கழுத்தெலும்புகளின் இருபக்கத் துளைகளுக்குள் புகுந்து ஏறி, மண்டைக்குள் ஒன்றுசேர்ந்து பேசிலர் தமனி ஆகின்றன. மூளைத்தண்டு, சிறுமூளை, மூளையின் பின்பகுதி எல்லாம் இதன் பொறுப்பு.

முன்பக்கக் குழாய்களும் பின்பக்கக் குழாய்களும் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. 1664-இல் தாமஸ் வில்லிஸ் அதை விவரித்ததால் வில்லிஸ் வளையம் என்று பெயர். அவருடைய நூலுக்கான படங்களை வரைந்துகொடுத்தவர்களில் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் ஒருவர். ஒரு குழாய் அடைத்தாலும் மறுபக்கத்திலிருந்து ரத்தம் சுற்றிவர இந்த வளையம் வழிசெய்கிறது. ஆனால் பாடப்புத்தகப் படத்தில் இருப்பது போன்ற முழு வளையம் பாதிப் பேருக்குக்கூட இருப்பதில்லை. ஏதாவது ஒரு துண்டு நூலிழையாக மெலிந்திருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும். ஒரே அடைப்பு ஒருவருக்குத் தெரியாமலே இருக்க, இன்னொருவரைப் படுக்கையில் தள்ளிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "அவருக்கு இதே மாதிரி வந்தது, ஒன்றும் ஆகவில்லையே" என்ற ஒப்பீடு இங்கே செல்லாது.

உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்பும் கிடையாது. ரத்த ஓட்டம் முழுதாக நின்றால் பத்து நொடிக்குள் நினைவு போய்விடும்.

ஒரு கண் இருட்டியது, சில நிமிடத்தில் தெளிந்துவிட்டது

நான் மிகவும் அஞ்சும் அறிகுறி இதுதான். வலி இருக்காது. மேலிருந்து திரை இறங்கியது போலப் பார்வை மறைந்து, சில நிமிடங்களில் திரும்பிவிடும். கண் களைப்பு என்று நினைத்து வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இருட்டியது ஒரு கண்ணா, ஒரு பக்கமா? "வலது கண் தெரியவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் இரண்டு கண்களிலும் வலது பாதி மறைந்திருக்கும். அறிகுறி இருக்கும்போதே ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தக் கண்ணைத் திறந்தாலும் அதே பாதி மறைகிறது என்றால் கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் பின்பகுதிக்குப் போகும் தமனியில், அதுவும் எதிர்ப்பக்கத்தில் தேட வேண்டும். ஒரு கண்ணில் மட்டும்தான் என்றால் அதே பக்க உள் கரோட்டிட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நடப்பது இதுதான். கழுத்தில் கரோட்டிட் பிரியும் இடத்தில் ரத்தம் சுழித்துப் போகிறது. ஆற்றில் நீர் சுழிக்கும் இடத்தில் வண்டல் ஒதுங்குவது போல அங்கே கொழுப்புப் படிவு சேர்கிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பெயர்ந்து மேலே போகும். உள் கரோட்டிட் மண்டைக்குள் நுழைந்ததும் விடும் முதல் பெரிய கிளை கண்ணுக்குத்தான் என்பதால், துணுக்கு விழித்திரைத் தமனியில் போய்ச் சிக்குகிறது. அது கரைந்தோ நகர்ந்தோ போனதும் பார்வை திரும்புகிறது. துணுக்கு போய்விட்டது, அதை அனுப்பிய படிவு கழுத்திலேயே இருக்கிறது. அடுத்த துணுக்கு கண்ணுக்குப் போகாமல் மூளைக்குப் போகலாம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மூளையின் வலப்பாதி உடலின் இடப்பாதியை ஆள்கிறது. ஆனால் கண்ணுக்கு அதே பக்கத் தமனிதான். ஆகவே வலது கரோட்டிட் கெட்டால் வலது கண்ணும் இடது கையும் பாதிக்கப்படும். ஒருவருக்குப் போன வாரம் வலது கண் இருட்டியது, இந்த வாரம் இடது கை மரத்தது என்றால் இரண்டும் தனித்தனிச் சங்கதி என்று விடாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரே குழாயைக் காட்டுகின்றன.

என்ன செய்வது? பார்வை திரும்பிவிட்டாலும் அன்றைக்கே, முடிந்தால் அந்த மணிக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இது தற்காலிகப் பக்கவாதத்தின் ஒரு வகை. அடுத்துப் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். கழுத்துத் தமனி 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கி, அதனால் அறிகுறியும் வந்திருந்தால், இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்து படிவை எடுத்துவிடுவது பெரும் பலன் தரும். தள்ளிப்போடப் போட அந்தப் பலன் குறைந்துகொண்டே போகும்.

பார்வை திரும்பாமல் இருட்டாகவே நின்றால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

வாய் கோணுகிறது, கை தளர்கிறது, பேச்சு குழறுகிறது

உள் கரோட்டிட்டின் பெரிய கிளையான நடு மூளைத் தமனியின் எல்லை இது. முகத்தையும் கையையும் அது கூடுதலாகத் தாக்கும். பெரும்பாலானோருக்குப் பேச்சு மையம் இடப்பக்க மூளையில் இருப்பதால், வலது கை தளர்வதோடு சொல்லும் சிக்கிக்கொள்ளும். காலில் மட்டும் அதிகத் தளர்ச்சி என்றால் முன் மூளைத் தமனியை நினைக்க வேண்டும்.

சோதிக்க அரை நிமிடம் போதும். பல் தெரியச் சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள்; ஒன்று மெல்ல இறங்குகிறதா? ஒரு முழு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

"வெறும் முகவாதமாக இருக்குமோ?" என்று கேட்பார்கள். புருவத்தை உயர்த்தச் சொல்லிப் பார்க்கலாம். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதால், பொதுவாகப் பக்கவாதத்தில் நெற்றி சுருங்கும், வாய் மட்டும் கோணும். முக நரம்பே கெட்டிருந்தால் நெற்றியும் சேர்ந்து மழுமழுவென்று நிற்கும். ஆனால் இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். சோதிக்க வேண்டியவர் மருத்துவர்.

செய்யக் கூடாதது ஒன்று: ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை அதைப் பெருக்கிவிடும். குடிக்கவும் எதுவும் கொடுக்க வேண்டாம்; விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

செய்ய வேண்டியது ஒன்று: அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவையுங்கள். தமனியை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான எல்லை நாலரை மணி நேரம். பெரிய தமனி அடைத்திருந்தால் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சை, தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யப்படுகிறது. கடிகாரம் அறிகுறியைப் பார்த்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. தூங்கி எழும்போதே கை தளர்ந்திருந்தால், படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள்.

தலை சுற்றுகிறது

தலைசுற்றல் பெரும்பாலும் தமனிக் கோளாறு இல்லை. படுக்கையில் புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது உலகமே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது பெரும்பாலும் உள்காதில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வருவது.

பின்பக்கத் தமனிகளைச் சந்தேகிக்க வேண்டுமென்றால் சுற்றலோடு துணைக்கு வேறொன்று வரும். பொருள்கள் இரண்டாகத் தெரிவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, முகத்தில் ஒரு பக்கமும் உடலில் மறுபக்கமும் உணர்ச்சி குறைவது, பிடிக்காமல் நிற்கவே முடியாத தள்ளாட்டம். விடாத விக்கல்கூட ஒரு துப்பு. முதுகெலும்புத் தமனியோ அதன் கிளையோ அடைத்து மூளைத்தண்டின் பக்கவாட்டில் பாதிப்பு ஏற்பட்டால் விக்கல் வரும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று அது கழிந்துபோவதுண்டு.

அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்தப் பின்பக்கத்தில் வருகிறது. கையும் முகமும் சரியாக இருப்பதால் வழக்கமான சோதனையில் இது தப்பிவிடும். ஆகவே ஒருவருக்குத் திடீரென்று தலைசுற்றல் வந்தால் நடக்கச் சொல்லிப் பாருங்கள். கால்களில் பலம் இருந்தும் நிற்க முடியாவிட்டால் அவசரம்.

ஒரு கையால் உழைக்கும்போது மட்டும் தலை சுற்றினால் வேறொரு காரணமும் உண்டு. கைக்குப் போகும் தமனி, முதுகெலும்புத் தமனி கிளைப்பதற்கு முன்பே சுருங்கியிருந்தால், உழைக்கும் கை ரத்தம் போதாமல் முதுகெலும்புத் தமனியிலிருந்து கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும். மூளைக்குப் போக வேண்டியது கைக்குப் போய்விடும். இடப்பக்கத்தில்தான் இது அதிகம். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பாருங்கள். 15 அல்லது 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

கழுத்தில் ஒரு பக்கம் வலி, அதே பக்க இமை தொங்குகிறது

சுளுக்கு என்று தைலம் தேய்ப்பதற்கு முன்னால் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். ஒரு பக்க இமை லேசாக இறங்கி, அந்தக் கண்ணின் பாவை (கருவிழியின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) மட்டும் சிறுத்திருக்கிறதா? மங்கிய வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

கரோட்டிட் தமனியின் உள்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்தால் இப்படி ஆகும். கண்ணிமைக்கும் பாவைக்கும் போகும் நுண் நரம்புகள் அந்தத் தமனியைச் சுற்றிக்கொண்டே ஏறுகின்றன. சுவர் வீங்கினால் அவை நசுங்குகின்றன. விபத்தில் மட்டுமல்ல, பலமாகக் கழுத்தை நெட்டி முறிப்பது, வன்மையான இருமல் போன்ற சிறு காரணங்களாலும் கிழியலாம். சில சமயம் காரணமே தெரியாது. ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களின் பக்கவாதத்துக்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று. வலி தொடங்குவதற்கும் பக்கவாதம் வருவதற்கும் இடையே மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் இடைவெளி இருக்கும். காப்பாற்றக் கிடைக்கும் நேரம் அதுதான். கழுத்தைப் பிடித்துவிடாதீர்கள், திருகாதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்திலேயே பெரும்பாலும் குணமாகும்.

முதுகெலும்புத் தமனி கிழிந்தால் வலி பிடரியில் இருக்கும். இமை பெரும்பாலும் தொங்காது, முன் சொன்ன தள்ளாட்டமும் சுற்றலும் வரும்.

இமை தொங்கி, பாவை சுருங்காமல் *விரிந்து* இருந்தால் கதையே வேறு. மண்டைக்குள் ஒரு தமனி பலூன் போலப் புடைத்து, கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு.

இடி இறங்கியது போன்ற தலைவலி

சில நொடிகளில், அதிகம் போனால் ஒரு நிமிடத்தில் உச்சத்துக்கு ஏறும் தலைவலி. வாந்தி, கழுத்து இறுக்கம் சேரலாம். மேலே சொன்ன புடைப்பு வெடித்திருக்கலாம். வலி மாத்திரைக்குக் குறைந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். சிடி ஸ்கேன் முதல் ஆறு மணி நேரத்தில் எடுத்தால் கசிவு ஏறக்குறையத் தவறாமல் தெரிந்துவிடும். நேரம் போகப் போக ரத்தம் கலைந்து, படத்தில் மங்கிவிடும்; அப்புறம் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலிக்கிறது

வயது ஐம்பதைத் தாண்டியவரா? தலை வாரும்போது தோல் நோகிறதா? சில வாய் மென்றதும் தாடை களைத்து வலித்து, நிறுத்தினால் சரியாகிறதா? பல்லில் கோளாறு தேடி அலைபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இது வெளிக் கரோட்டிட்டின் கிளைகளில் வரும் அழற்சி. மெல்லும் தசைக்கு ரத்தம் போதவில்லை, அதனால் வலிக்கிறது. நெற்றிப்பொட்டில் ஓடும் தமனி தடித்து, தொட்டால் நோகும். துடிப்பு குறைந்தும் போகலாம்.

தாடை வலிக்கு யாரும் சாவதில்லை. ஆபத்து கண்ணுக்கு. அதே அழற்சி கண் நரம்புக்குப் போகும் தமனியை அடைத்தால் பார்வை ஒரே நாளில் போகும், பெரும்பாலும் திரும்பாது. சிகிச்சை இல்லாவிட்டால் சில நாளில் மற்றக் கண்ணும் போகலாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி சோதனைகள் இரண்டும் உடனே பார்க்க வேண்டும். பலமான சந்தேகம் இருந்தால், தமனித் துண்டு எடுத்துச் சோதிக்கும்வரை காத்திராமல் மருத்துவர் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடுவார். அதுதான் சரி. தமனித் துண்டை ஓரிரு வாரத்துக்குள் எடுத்தாலும் நோயின் தடயம் தெரியும்.

தலையில் அடிபட்டார், எழுந்து பேசினார், இப்போது தூங்கி வழிகிறார்

நெற்றிப்பொட்டில் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அதுவும் வெளிக் கரோட்டிட்டின் வழியில் வருவதுதான். எலும்பு விரிசலில் அது கிழிந்தால், எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். இடம் நிறையும்வரை அவர் நன்றாகவே பேசுவார். அந்தத் தெளிவான இடைவேளையை நம்பி வீட்டில் படுக்கவைத்துவிடக் கூடாது. தலைவலி ஏறுவது, வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு பாவை விரிவது எது வந்தாலும் ஓடுங்கள்.

ரத்தம் நிற்கவில்லை

சில்லுமூக்கு உடைந்தால் அண்ணாக்கக் கூடாது. முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இறுகப் பிடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் இருங்கள். நடுவில் விட்டு விட்டுப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உள் கரோட்டிட், வெளிக் கரோட்டிட் இரண்டின் நுனிக் கிளைகளும் மூக்கின் நடுச்சுவரில் முன்னால் பின்னிக்கொள்கின்றன. பெரும்பாலான ரத்தம் அங்கிருந்துதான். தொண்டைக்குள் வழிந்துகொண்டே இருந்தால் அது பின்புறத் தமனி. பிடித்தால் நிற்காது, மருத்துவர் அடைப்பு வைக்க வேண்டும்.

உச்சந்தோலில் சின்ன வெட்டுக்கும் ரத்தம் கொட்டும். அங்கே தமனிகள் இறுகிய நார்த்திசுவில் ஒட்டியிருப்பதால், வெட்டுப்பட்டால் சுருங்கி மூடிக்கொள்ள முடியாது. சுத்தமான துணியால் எலும்போடு சேர்த்து அழுத்துங்கள். அடியில் எலும்பு அமுங்கினாலோ அசைந்தாலோ அழுத்தாமல் ஓரங்களில் பிடியுங்கள். உதடு கிழிந்தால் இரு பக்க முகத் தமனிகளும் நடுவில் சந்திப்பதால், வெட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தால்தான் நிற்கும்.

காதில் நாடியோடு சேர்ந்து "உஸ் உஸ்"

மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டே கேளுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் அது சாதாரண காதிரைச்சல் இல்லை. உள் கரோட்டிட் காதுக்கு மிக அருகில் எலும்புக்குள் போவதால் அதன் சுழிப்பு கேட்கிறது. ரத்தசோகை, தைராய்டு மிகுதி இவற்றிலும் ரத்தம் வேகமாக ஓடுவதால் கேட்கலாம். அவசரமில்லை, ஆனால் படம் எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது. புதிதாகத் தலைவலியோ பார்வைக் கோளாறோ சேர்ந்தால் அவசரம்தான்.

கழுத்தைத் திருப்பினால், காலர் இறுகினால் மயக்கம்

கரோட்டிட் பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் முனைகள் இருக்கின்றன. முதுமையில் சிலருக்கு அவை மிகையாக உணர்ந்து, லேசான அழுத்தத்துக்கே இதயத் துடிப்பை இறக்கிவிடும். தளர்ந்த காலர் போடுங்கள். சவரம் செய்யும்போது மயக்கம் வந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்தில் நாடி பார்ப்பவர்கள் ஒரே நேரத்தில் இரு பக்கமும் அழுத்தவே கூடாது. கரோட்டிட் என்ற சொல்லே மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதை அழுத்தினால் மயங்குவார்கள் என்று அந்தக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில்

கழுத்துக்கு முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள்; ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது அது. வலிக்காது, கதிர்வீச்சு கிடையாது, கரோட்டிட் பிரிவைத் தெளிவாகக் காட்டும். ஆனால் எலும்புத் துளைக்குள் ஓடும் முதுகெலும்புத் தமனியையும் மண்டைக்குள் இருப்பதையும் அதனால் சரியாகப் பார்க்க முடியாது. டாப்ளர் நன்றாக இருந்தும் அறிகுறி பின்பக்கத்தைக் காட்டினால், சிடி அல்லது எம்ஆர் ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்ப் படம்) தேவையா என்று கேளுங்கள். கேட்கும்போது, அறிகுறி வந்த நாள், மணி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று எழுதிய சீட்டையும் கையில் கொடுங்கள். மருத்துவர் முன்னால் உட்காரும்போது கண் நன்றாகத் தெரியும், கை நன்றாக அசையும். நடந்ததற்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இருக்காது.